நிறுத்தாதீங்க மாப்பிள்ளை

சந்தாபுராவில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நின்றால் ஓசூர் ரோடு தெரியும். ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரியில் போய் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44 அதுதான். நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை, 3,700 கிலோமீட்டருக்கும் மேல். அரசாங்கம் அதைச் சரக்குப் போக்குவரத்துக்காகப் போட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, பத்து மாதக் குழந்தை ஒன்றைத் தூங்கவைப்பதற்காகப் போட்ட ரோடு அது.

பேத்தியின் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவுதான். வண்டி ஓடினால் தூங்குவாள், நின்றால் விழிப்பாள். சிக்னலுக்காக நின்றாலும் சரி, சாமி ஊர்வலத்துக்காக நின்றாலும் சரி, கண் திறந்துவிடும். அடுத்த நொடி வாய் திறக்கும். அதற்குமேல் நடப்பதை எங்கள் மாடியில் உள்ள ஏழு வீட்டுக்காரர்களும் சொல்வார்கள்.

திண்டுக்கல்லில் எங்கள் பழைய வீட்டில் உத்தரத்தில் ஒரு கொக்கி இருக்கும். என் மகள் அதில் கட்டிய நூல்புடவைத் தூளியில் தூங்கி வளர்ந்தவள்தான். இங்கே கூரை ஒரே கான்கிரீட் பாளம். துளை போடக் கூடாது என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஸ்டாண்டோடு கூடிய ஸ்பிரிங் தொட்டில் வந்தது. அதில் போட்டால் இவள் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறாள். விலையைக் கேட்டபோது என் வீட்டுக்காரிக்கும் அப்படித்தான் குதிக்கத் தோன்றியதாம்.

மாப்பிள்ளை படித்தவர். எதையும் ஆதாரம் இல்லாமல் செய்ய மாட்டார். ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குரோதா என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றை ஒருநாள் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்காமல் நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே படுக்கையில் போடக் கூடாது. மடியிலேயே வைத்துக்கொண்டு ஐந்து முதல் எட்டு நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் கீழே விட்டால் விழிக்காதாம்.

என் வீட்டுக்காரி முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "இதைக் கண்டுபிடிக்க ஜப்பானுக்கா போனாங்க? எங்க மாமியாரைக் கேட்டிருந்தா வெத்தலை பாக்குக்குச் சொல்லியிருப்பாங்களே" என்றாள்.

ஆராய்ச்சி பொய்யில்லை, ஹாலில் நடந்து பார்த்தோம். தூங்கினாள். ஆனால் எட்டு நிமிஷம் உட்கார்ந்தவர் யாரோ அவரும் சேர்ந்து தூங்கிவிடுவதால் மூன்றாம் கட்டத்துக்கு யாருமே போக முடியவில்லை. கடைசியில் காரே கதி என்றாயிற்று.

காரில் ஏற்றுவது இருக்கிறதே, அதை முதலில் சொல்ல வேண்டும். நான் ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூட்டையைக் கையால் ஒரு தூக்குத் தூக்கினால் எடையைச் சொல்லிவிடுவேன், அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கலாம். இரண்டாம் வகுப்புப் பயணிக்கு 35 கிலோ வரை லக்கேஜ் இலவசம், ஸ்லீப்பருக்கு 40. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட்டே கிடையாது, ஆகவே லக்கேஜ் கணக்கும் கிடையாது. இந்த விதியை எழுதிய அதிகாரி கைக்குழந்தையோடு பயணமே செய்யாதவராகத்தான் இருக்க வேண்டும். டிக்கெட் வாங்குகிற நாங்கள் நான்கு பெரியவர்கள் ஆளுக்கொரு மஞ்சப்பையோடு கிளம்புவோம். டிக்கெட் இல்லாத அம்மாளுக்குத்தான் டிக்கி போதாது.

அந்தப் பெரிய பையில் டயப்பர் ஒரு கட்டு. ஈரத் துணி மாதிரி ஒரு காகிதம், வைப்ஸ் என்கிறார்கள், அது இரண்டு பாக்கெட். மாற்றுச் சட்டை, அது நனைந்தால் போட இன்னொரு சட்டை, அதுவும் நனையும் என்று தெரிந்து மூன்றாவது. வெந்நீர் ஃபிளாஸ்க். ராகிக் கஞ்சி டப்பா. சிணுங்கினால் நசுக்கிக் கொடுக்க வாழைப்பழம். அது மாலையில் எங்கே நசுங்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கரடி பொம்மை. இவையெல்லாம் மகளின் பட்டியல். பாட்டியின் பட்டியல் தனி: வசம்பு, உரைகல், கண் மை டப்பி, திரும்பி வந்ததும் சுற்றிப் போட மிளகாயும் உப்பும். திருஷ்டி சுற்றுவது வீட்டில்தானே, மிளகாய் எதற்கு நம்மோடு ஊர் சுற்ற வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். போகிற இடத்தில் அவசரம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பிறகு குழந்தைக்கான கார் சீட். மடியைவிடப் பாதுகாப்பான சீட் உலகத்தில் உண்டா என்பது பாட்டியின் கட்சி. மோட்டார் வாகனச் சட்டம் 194 பி, குழந்தையைப் பெல்ட் போட்டுப் பத்திரப்படுத்தாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது மாப்பிள்ளையின் கட்சி. ஆயிரம் ரூபாய் என்றதும் பாட்டி கட்சி மாறிவிட்டாள். ஸ்கூட்டரில் பிள்ளையை அழைத்துப் போகிறவர்களுக்கும் 2023 பிப்ரவரியிலிருந்து புது விதி உண்டு. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டை, ஹெல்மெட் எல்லாம் போட வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வாரநாள் சாயங்காலம் ஓசூர் ரோட்டில் அந்த வேகத்தைத் தாண்டிக் காட்டுகிறவருக்கு அபராதம் போடக் கூடாது, பரிசுதான் கொடுக்க வேண்டும்.

இப்படி ஆயத்தமாகி நாங்கள் பார்த்த இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. சந்தாபுரா ஏரிக்கு ஒருமுறை போனோம். ஏரியைக் காப்பாற்றவில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது இந்த ஏரிக்காகத்தான். பேத்தி மூக்கைச் சுளித்ததிலேயே தீர்ப்பின் நியாயம் விளங்கிவிட்டது, காரிலிருந்து இறங்கவில்லை.

பன்னேர்கட்டா கொஞ்சம் பரவாயில்லை. ஜிகணி வழியாகப் போனோம். போகிற வழியெல்லாம் ஹம்ப்ஸ். வேகத்தடை இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். மாப்பிள்ளை ஒவ்வொரு ஹம்ப்ஸிலும் ஏறி இறங்கும்போது இதைச் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் தாண்டியவை ஊரார் தங்கள் கோபத்தின் உயரத்துக்குக் கட்டியவை. குழந்தை விழித்து அழுதபடியே வந்து, சஃபாரி பஸ்ஸில் ஏறியதும் அசந்து தூங்கிவிட்டாள். காட்டுக்குள் பஸ் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஊர்ந்தது. எல்லாரும் சிங்கம் வர வேண்டும் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டது நாங்கள்தான். சிங்கம் வந்தால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் இவள் எழுவாள். சிங்கம் வந்தது. பஸ் நின்றது. இவள் எடுத்த சுருதியைக் கேட்டு, மரத்தடியில் சொகுசாகக் கிடந்த அந்த மிருகம் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. பக்கத்து சீட்டுப் பையன் போட்டோ எடுக்கக் கேமராவைத் திறந்தபடியே வைத்திருந்தான். அவன் அப்பா எங்களைப் பார்த்த பார்வைக்குச் சிங்கமே தேவலை.

2025 ஆகஸ்ட் 10-இல் மஞ்சள் தடத்தில் மெட்ரோ திறந்தார்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து எங்கள் பக்கத்துப் பொம்மசந்திரா வரை, 19.15 கிலோமீட்டர். ஓட்டுநர் இல்லாமலே ஓடும்படி செய்த ரயில் என்றார்கள். ரயில்வேயில் தலை நரைத்த எனக்கு முன்னால் டிரைவர், பின்னால் கார்டு என்று இரண்டு பேரைப் பார்த்தால்தான் மனசு ஆறும். சரி, ரயில் ஓடினால் பேத்தி தூங்குவாளே என்று ஏறினோம். 16 ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் நின்றது. ஒரு பெண்ணின் தலையிலிருந்த கனகாம்பரத்தை இவள் ஜெயதேவா ஸ்டேஷன் வருவதற்குள் உதிர்த்து முடித்தாள். அந்தப் பெண் கோபிக்கவில்லை. "பரவாயில்ல பிடுங்க சார், பாப்பு அல்லவா" என்று பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் சொன்னாள். மீதிப் பூவையும் இவள் கையில் கொடுத்தாள்.

ஆகவே, நின்று நின்று போகிற எதுவும் ஆகாது என்று முடிவாயிற்று. மிஞ்சியது நெடுஞ்சாலை 44.

அந்த நெடுஞ்சாலையில் தயிர் வாங்கப் போன கதைக்கு இனி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாட்டி உளுந்து ஆட்டி வடை தட்டி எடுத்துவிட்டாள், தயிர் வடைக்காக. பிரிட்ஜைத் திறந்தால் தயிர் இல்லை. மகள் இரவெல்லாம் விழித்திருந்த களைப்பில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். குழந்தை தூங்க மாட்டேன் என்று சாதித்துக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளையும் நீங்களும் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஒரு ரவுண்டு போங்க. தூங்கினதும் முனைக்கடையில ஒரு லிட்டர் நந்தினி தயிர் வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள் பாட்டி. பத்து நிமிஷ வேலை. அதனால் பையை எடுக்கவில்லை.

நான் பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தாலாட்டு தெரியாது. தெரிந்ததைச் சொல்வேன்: திண்டுக்கல், அம்பாத்துரை, கொடைக்கானல் ரோடு, வாடிப்பட்டி, சோழவந்தான், சமயநல்லூர், கூடல்நகர், மதுரை. இழுத்து, ஒரே சுருதியில். வழக்கமாகச் சோழவந்தானில் கண் செருகும். அன்றைக்குக் கொடை ரோட்டிலேயே தூங்கிவிட்டாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்தார். "தூங்கிட்டாளா மாமா?"

"தூங்கிட்டா. ஆனா நிறுத்தாதீங்க மாப்பிள்ளை. இப்பத்தான் கண்ணசந்திருக்கா."

கடை வந்தது. கடை போயிற்று. கடைக்காரர் கையைத் தூக்கி விசாரித்தார், நானும் இன்னொரு கையைத் தூக்கினேன். நேரலூர் தாண்டித் திரும்பிக்கொள்ளலாம் என்றார் மாப்பிள்ளை. திரும்புகிற இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. வரிசை என்றால் நிற்க வேண்டும். அத்திப்பள்ளியில் பார்ப்போம் என்றார்.

அத்திப்பள்ளியில் டோல்கேட். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் 2021-இலிருந்து டோல் கட்டுகிற எல்லா வண்டிக்கும் ஃபாஸ்டேக் கட்டாயம் அல்லவா, மாப்பிள்ளை வண்டியை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டே போனார். கம்பு தானாக எழுந்தது. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த புண்ணியவான்களுக்கு யார் யாரெல்லாம் பலன் அடைகிறார்கள் என்று முழுசாகத் தெரிந்திருக்காது. குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டியது, அவ்வளவுதான். கன்னடப் பலகைகள் போய்த் தமிழ்ப் பலகைகள் வந்தன. அரை லிட்டர் தயிருக்காக, சாரி, ஒரு லிட்டர் தயிருக்காக, மாநிலம் தாண்டிவிட்டோம்.

ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் மலை தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ள ஒரு கைதான் மிச்சம். இன்னொரு கையின் விரல் பேத்தி வசம். அந்தக் கைப்பக்கம்தான் சட்டைப் பாக்கெட்டும் இருந்தது. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. விரலை உருவினால் விழித்துவிடுவாள். எட்டாத கையால் துழாவிப் பார்த்தேன், பெல்ட் தடுத்தது. மாப்பிள்ளையின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

"அத்தையாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

"வேற யாரு" என்றேன் நான்.

இந்த மனிதரோடு நான் தனியாக அவ்வளவு நேரம் அதற்கு முன் இருந்ததில்லை. வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது "சாப்பிட்டீங்களா மாமா", "ஆச்சு மாப்பிள்ளை" என்ற அளவோடு சரி. சூளகிரி வரைக்கும் அவர் தன் வேலை என்ன என்று எனக்கு விளக்கினார். குழந்தை எழுந்துவிடும் என்று ரகசியக் குரலில் சொன்னதால் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்ததில் பாதிதான் புரிந்தது. கணக்குப் பார்த்தால், கல்யாணத்தின்போது எனக்குத் தெரிந்ததைவிட அதிகம். நிலக்கோட்டைப் பூக்கூடைகள் தண்ணீர் சொட்டச் சொட்டப் பார்சல் ஆபீஸுக்கு வருவதையும், ரயில் தாமதமானால் வாடுகிற பூவுக்காக வியாபாரிகள் என்னிடம் சண்டைக்கு நிற்பதையும் நான் சொன்னேன். அவர் சிரித்தார், சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க.

இறக்கத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. இதே ரோடு தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர் தாண்டி நேரே எங்கள் திண்டுக்கல்லுக்குப் போகிறது என்பதை அவருக்கு நான் நினைவுபடுத்தவில்லை. மனசுக்குள் ஓர் ஆசை எழுந்ததை மட்டும் மறுக்க மாட்டேன்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு லாரி குறுக்கே வந்தது. மாப்பிள்ளை பிரேக் போட்டார். அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் பின்மண்டையைப் பார்த்தாள், அம்மா இல்லை, பாட்டி இல்லை, பை இல்லை. நிலைமையை எங்களுக்கு முன்னால் புரிந்துகொண்டது அவள்தான்.

ரோட்டோர டீக்கடையில் நிறுத்தினோம். டயப்பர் நிறைந்து கனத்துத் தொங்கியது. ஒன்றே கால் கிலோ என்று என் கை சொல்லிற்று. மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாள் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஒரு பைகூட இல்லாம எங்கய்யா போறீங்க?"

"தயிர் வாங்க வந்தோம்மா."

"எங்கேருந்து?"

"சந்தாபுரா. பெங்களூரு."

அந்த அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. "ஏன், அங்கே மாடெல்லாம் செத்துப்போச்சா?" என்றார். பிறகு குழந்தையை எங்கள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, உள்ளே கொண்டுபோய்க் கழுவி, தன் பழைய சேலைத் துண்டு ஒன்றை மடித்துக் கட்டிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி டயப்பர் வாங்கிவந்தபோது குழந்தை அதைப் போடவே விடவில்லை. சேலைத் துண்டுதான் பிடித்திருந்தது. இட்லியைப் பிட்டு வெந்நீரில் குழைத்து ஊட்டினார் அந்த அம்மாள். வீட்டில் செல்லம் கொஞ்சிப் பாட்டுப் பாடிக் கால் மணி நேரம் கெஞ்சினாலும் இறங்காத இட்லி நாலே வாயில் இறங்கிற்று. போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை இரண்டு கையும் காலியாக இருந்தது, அதுதான் தொல்லை.

"தயிர் எங்கே?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

"ஆவின் தயிர்தான் கிடைக்குது. வாங்கிட்டு வரவா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும் வழியைப் பற்றி ஓசூர் ரோட்டை அறிந்தவர்களுக்கு விவரிக்க வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் ஊரிலிருந்து பெங்களூருக்குத் திரும்புகிற அத்தனை காரும் எங்களுக்கு முன்னால் நின்றன. நின்றன என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவள் ஒரு நொடியும் கண் மூடவில்லை. பக்கத்து ஆம்னி பஸ் கிளீனருக்குக் கை காட்டினாள். அவர் ஜன்னல் வழியாக முறுக்கு நீட்டினார். அத்திப்பள்ளியில் அவளுக்கு மதுரை வரையும் அதற்கு மேல் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வரையும் சொல்லிப் பார்த்தேன். திருநெல்வேலியிலும் விழித்தே இருந்தாள். ஆவின் தயிர் பாக்கெட் என் மடியில் வெதுவெதுப்பாக இருந்தது.

இருட்டிய பிறகு சந்தாபுரா மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோட்டில் இறங்கினோம். நெரிசல் விட்டு வண்டி கொஞ்சம் ஓடியது. எங்கள் அடுக்குமாடியின் கேட்டை வாட்ச்மேன் திறந்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய, வாயோரம் எச்சில் வழிய, பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ரிவர்ஸ் கியர் போட்டார்.

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் போன் வந்தது. பாட்டி பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"வடைய ரசத்துல போட்டு நாங்க சாப்பிட்டாச்சு. இப்ப எந்தப் பக்கம் போறீங்க?"

"ஆனேக்கல் பக்கம்."

"சரி, வர்றப்ப கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. ஆனேக்கல்லயே கிடைக்கும், சேலத்துக்கெல்லாம் போக வேணாம்."